உப்புவெளி முட்புழுவுக்கு எந்தப் பெயரை எழுதுவது?

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் கேள்வி இது. மாணவர்களோடு உப்புவெளிக் கரைக்குப் போயிருக்கிறார். செத்த முருகைக்கல் ஒன்றைப் புரட்டியபோது விரல் நீளத்தில் ஒரு புழு, இரு பக்கமும் வெள்ளை முட்கற்றைகளோடு கிடந்திருக்கிறது. கைத்தொலைபேசிச் செயலி அதை ‘யூரிதோ கொம்பிளனாட்டா’ என்றது. இணையத்தில் இன்னோர் இடம் ‘ஹெர்மோடிஸ்’ என்றது. ஆய்வுகூடத்தில் அதே மாதிரியான புழு கிடக்கும் பழைய போத்தலில் ‘வகுப்பு: பொலிக்கீற்றா’ என்று முட்கள் உள்ள கடற்புழுக்களின் வகுப்புப் பெயர் மட்டும். அந்த வகுப்பே இப்போது இல்லை என்கிறார் ஒரு மாணவர். எதை எழுதுவது, எதை நம்புவது, முள் குத்தினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரான பதில். உங்கள் புழு அம்பினோமிடே என்ற தீப்புழுக் குடும்பத்தைச் சேர்ந்தது, இதில் சந்தேகமே இல்லை. யூரிதோ என்ற சாதிப் பெயரையும் எழுதலாம். கொம்பிளனாட்டா என்ற இனப் பெயரை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள். அதற்கான காரணத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். நம் கரையில் கிடைக்கும் பல கடற்புழுக்களுக்கு இதே நியாயம் பொருந்தும்.

அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடல் உருண்டையாக இல்லை, மேலும் கீழும் சற்றே தட்டையாகி நாற்சதுர வெட்டுமுகத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு துண்டத்திலும் மேற்புற முட்கற்றைக்குப் பின்னால் சிவப்பாகச் சின்னச் சின்னச் செடிபோல் கிளைத்து நிற்பவை செவுள்கள். தலைக்குப் பின்னே நடுக்கோட்டில், முதல் மூன்று நான்கு துண்டங்கள் வரை ஒரு சதை மேடு ஒடுங்கிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் கறங்கிள் என்பார்கள். இந்த மேடும், தொட்டால் ஒடியும் சுண்ணாம்பு முட்களும் சேர்ந்தால் அம்பினோமிடேதான். மேடு ஒடுங்கலாகவும் மழமழப்பாகவும் இருப்பதால் யூரிதோ. ஹெர்மோடிஸில் அதே மேடு பெரிதாக, இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். அது அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் பேர்போன தீப்புழு. இணையத்தில் ‘தீப்புழு’ என்று தேடினால் அதன் படங்களே முன்னுக்கு வருவதால் எல்லாத் தீப்புழுவுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். இன்னொன்று குளோயியா. கரைவலையில் சில நேரம் ஏறும். அகலமான உடல், முதுகில் வரிசையாகக் கருஞ்செம்மைப் பொட்டுகள், பளபளக்கும் நீண்ட முட்கள். உங்களுடையது அதுவும் இல்லை.

இனி இனப் பெயருக்கு வருவோம். முழுப் பெயரை எழுதும்போது ‘யூரிதோ கொம்பிளனாட்டா (பல்லாஸ், 1766)’ என்று எழுதுவார்கள். அந்த அடைப்புக்குறி அழகுக்காகப் போட்டதல்ல. பேர்லினில் பிறந்த பீற்றர் சீமோன் பல்லாஸ் 1766இல் இந்தப் புழுவை விவரித்தபோது அதை அப்ரோடிட்டா என்ற சாதிக்குள் வைத்தார். அக்காலத்தில் முட்கள் உள்ள பல கடற்புழுக்களுக்கு அந்த ஒரு சாதிதான் இடம் கொடுத்தது. சுவீடன் நாட்டுக் கின்பேர்க் 1857இல் யூரிதோ என்ற சாதியை உண்டாக்க, பிறகு இந்த இனம் அங்கே மாறியது. முதலில் வைத்த சாதியிலிருந்து வேறு சாதிக்குப் போய்விட்டது என்பதற்கு அடையாளம்தான் அந்த அடைப்புக்குறி. அடைப்புக்குறி இல்லாமல் ‘லின்னேயஸ், 1758’ என்று நின்றால், பெயர் வைத்த நாளில் இருந்த சாதியிலேயே இன்றும் இருக்கிறது என்று பொருள். தாவரவியலில் மாற்றியவர் பெயரையும் எழுதுவார்கள், விலங்கியலில் அந்த வழக்கம் இல்லை. மாணவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு பாடவேளை ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள் ரீச்சர்.

பல்லாஸ் விவரித்த புழு கரிபியன் கடலுடையது. ஒரு இனப் பெயர் எப்போதும் அது முதலில் விவரிக்கப்பட்ட வகைமாதிரியோடும் அந்த மாதிரி கிடைத்த இடத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் கரிபியன் புழுவும் உப்புவெளிப் புழுவும் ஒரே இனம்தானா? நீண்ட காலம் எல்லோரும் ஆம் என்றே எழுதினார்கள். வெப்பக் கடல் எங்கும் பரவிய ஒரே இனம் என்று நூல்களில் இருந்தது. 2010இல் பிரேசில் ஆய்வாளர்கள் அத்திலாந்திக், கிழக்குப் பசிபிக் மாதிரிகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டார்கள். ஒரே இனம் என்று நினைத்ததற்குள் மூன்று இனங்கள் தெரிந்தன. அத்திலாந்திக்குக்குள்ளேயே இரண்டு. அப்படியிருக்க, வங்காள விரிகுடாக் கரையில் கிடைத்ததை அதே பெயரால் உறுதியாக அழைக்க நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? செயலி படத்தைப் படத்தோடுதான் ஒப்பிடுகிறது. பழைய நூலில் உள்ள பரவல் பட்டியலைத் திருப்பிச் சொல்கிறதே தவிர, அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்றால், நம் கடல்களை முதலில் ஆராய்ந்தவர்கள் ஐரோப்பியப் புழுக்களுக்கு எழுதப்பட்ட நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இலங்கையைப் பொறுத்தவரை அந்த வரலாறு நீளமானது. ஒஸ்திரியாவின் ஷ்மார்டா 1853 முதல் 1857 வரை உலகைச் சுற்றியபோது இங்கும் புழுக்கள் சேர்த்து 1861இல் வெளியிட்டார். ஹோல்ட்ஸ்வேர்த் இலங்கைக் கடலில் சேகரித்தவற்றை 1874இல் குரூபே விவரித்தார். பொலிக்கீற்றா என்ற பெயரை 1850இல் வைத்த அதே குரூபேதான். 1902இல் ஹேர்ட்மன் முத்துக்குளிப்பு ஆய்வுக்கு வந்து சேகரித்த புழுக்களைப் பற்றி, அப்போது கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த ஆதர் வில்லி 1905இல் எழுதினார். இவர்கள் புதிய இனங்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர், ஏறத்தாழ ஒத்துப்போனால் போதும் என்று ஐரோப்பியப் பெயரையே எழுதிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுத, அதுவே நிலைத்துவிட்டது.

கபிட்டெல்லா கபிட்டாட்டாவைப் பாருங்கள். 1780இல் ஃபப்ரீசியஸ் விவரித்தது, இடம் கிரீன்லாந்து. பனிக்கடல் புழு. ஆனால் வெப்ப நாடுகளில் கழிவுநீர் கலக்கும் சேற்றில் சிவப்பு நூல்போல் ஒரு புழு கூட்டமாகத் தென்பட்டால் அந்தப் பெயரைத்தான் மாசு அறிக்கைகளில் எழுதுவார்கள். 1976இலேயே கிராசில் தம்பதியர், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இனப்பெருக்க முறையிலும் நொதியங்களிலும் வேறுபட்ட பல இனங்கள் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன என்று அமெரிக்கக் கரையிலேயே காட்டினார்கள். ஒரு இனம் கொத்துக் கொத்தாக முட்டையிடும், இன்னொன்று கொஞ்சம் மட்டும் இடும். ஒன்றின் குடம்பி நீரில் நாட்கணக்கில் மிதக்கும், மற்றொன்றினது உடனே சேற்றில் இறங்கிவிடும். மாசு எப்படிப் பரவுகிறது என்று கணிக்கும்போது இந்த வேறுபாடு பெரிய விடயம். பெயர் பிழைத்தால் கணிப்பும் பிழைக்கும். தம்பலகாமம் களப்பிலோ உள்துறைமுகத்தின் ஓரத்திலோ சேறு அள்ளி ஆராய்பவர்கள் ‘கபிட்டெல்லா, இனம் தெரியவில்லை’ என்று எழுதினால் அது குறையே அல்ல. அதுதான் நேர்மையான பதிவு.

மார்ஃபிசாவின் கதையும் நமக்கு அக்கம்பக்கத்துக் கதை. ‘மார்ஃபிசா சங்குவினியா’ இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து மொண்டேகு விவரித்த இனம். இந்தியக் கரைகளிலும் அந்தப் பெயரே வழங்கிவந்தது. தாய் இறாலுக்கு உணவாகவும் தூண்டில் இரையாகவும் தோண்டி எடுக்கப்படும் புழு அது. 2020இல் அப்படி அழைக்கப்பட்டுவந்த புழுவைக் கூர்ந்து பார்த்து, தனி இனம் என்று கண்டு ‘மார்ஃபிசா மதராசி’ என்று பெயர் வைத்தார்கள். கண்ணெதிரே வியாபாரமாகிக்கொண்டிருந்த புழுவுக்கு அவ்வளவு காலமும் சொந்தப் பெயர் இருக்கவில்லை!

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மாணவர்கள் மகிழ்வார்கள். மணலுக்குள் மறைந்திருந்து மீனை வெடுக்கென்று இழுக்கும் காணொளிகளால் உலகம் எங்கும் பேர்பெற்ற பெரும்புழு ‘யூனிஸ் அப்ரோடிட்டோயிஸ்’. யப்பானில் 299 சென்ரிமீற்றர் நீளத்தில், 673 துண்டங்களோடு ஒன்று கிடைத்திருக்கிறது. இதற்கு 1788இல் பெயர் வைத்தவரும் பல்லாஸ்தான். அவர் விவரித்த மாதிரி போனது நம்முடைய இந்த இலங்கைத் தீவிலிருந்து. இங்கே பெயர் நம் கடலுக்குச் சொந்தம், பிறகு மற்றவர்கள் அதை உலகம் முழுக்க நீட்டிவிட்டார்கள். ஐரோப்பியக் கரையில் அப்படி அழைக்கப்பட்டவற்றை இப்போது ‘யூனிஸ் ரூசேயி’ என்று பிரித்துவிட்டார்கள். மற்றக் கடல்களில் உள்ளவை உண்மையில் அதே இனமா என்று தீர்க்க வேண்டுமானால், இலங்கைக் கடலில் நல்ல மாதிரிகள் எடுத்து அவற்றோடு ஒப்பிட வேண்டும். இதை நாம் செய்து கொடுக்க வேண்டிய வேலை என்றே நான் நினைக்கிறேன்.

புறாமலைக்குச் சுழியோடப் போனவர்கள் எல்லோரும் ஒரு புழுவைப் பார்த்திருப்பார்கள். உயிருள்ள முருகைக்கல்லில் நீலம், மஞ்சள், செம்மண் நிறம் என்று சோடி சோடியாகச் சுருள்கள் விரிந்து நிற்கும், நிழல் பட்டால் நொடியில் உள்ளே போய்விடும். படத்தின் கீழே ‘ஸ்பிரோபிராங்கஸ் ஜைகான்ரியஸ்’ என்று போடுவது வழக்கம். அதுவும் கரிபியன் இனம், அதுவும் பல்லாஸ், அதுவும் 1766! இந்து, பசிபிக் சமுத்திரங்களில் இருப்பவை ‘ஸ்பிரோபிராங்கஸ் கோர்னிகுலாட்டஸ்’ என்ற பெயரைச் சுற்றியுள்ள தனிக் கூட்டம். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரே கல்லில் ஒரே இனம் பல நிறத்தில் இருக்கும். குழாயை மூடும் மூடியின் மேலுள்ள கொம்புகள் எப்படிக் கிளைக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் உலகம் முழுதும் பரவிய புழு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. துறைமுகத்தில் வள்ளங்களின் அடிப்பகுதியிலும் தூண்களிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்களாகப் படிவனவற்றில் ஐட்ரொயிடஸ் எலெகன்ஸ் என்ற இனம் சிட்னித் துறைமுகத்திலிருந்து 1883இல் விவரிக்கப்பட்டது. கப்பல்களோடு ஒட்டிக்கொண்டு உலகின் வெப்பத் துறைமுகங்களுக்கெல்லாம் போன உண்மையான பயணி அது. வேடிக்கை என்னவென்றால் இதையும் நெடுங்காலம் நோர்வேயின் குளிர்நீர் இனமான ஐட்ரொயிடஸ் நோர்வெஜிக்கா என்று தவறாக எழுதிவந்தார்கள். ஆகவே பரவல் பெரிதாக இருந்தால், எப்படிப் போனது என்ற கேள்வியைச் சேர்த்தே கேளுங்கள். கப்பல் அடியில் ஒட்டும் புழுவுக்கு விடை உண்டு. முருகைக்கல்லுக்குக் கீழே வாழும் தீப்புழுவுக்கு அந்த விடை அவ்வளவு எளிதில் பொருந்தாது.

சரி, பொலிக்கீற்றா வகுப்பு இருக்கிறதா இல்லையா? இங்கே இரண்டு வெவ்வேறு விடயங்கள் கலந்துவிடுகின்றன. பெயரிடலுக்குச் சட்டம் உண்டு. விலங்கியல் பெயரிடலுக்கான அனைத்துலக விதிகள் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகின்றன. முந்திய பெயருக்கே முன்னுரிமை, ஒவ்வொரு இனத்துக்கும் வகைமாதிரி என்பவையெல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கை குடும்ப மட்டத்தோடு நின்றுவிடும். வருணம், வகுப்பு, கணம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. அங்கே ஆய்வாளர்களின் ஏற்புத்தான் சட்டம். அதனால்தான் மேல்மட்டப் பெயர்கள் இவ்வளவு ஆடுகின்றன.

பழைய ஏற்பாட்டில், துண்டங்களாலான புழுக்களின் கணமான அனெலிடாவுக்குக் கீழே பொலிக்கீற்றா, ஒலிகோக்கீற்றா (மண்புழுக்கள்), இருடினியா (அட்டைகள்) என்று மூன்று வகுப்புகள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கடற்புழுக்களை அலைந்து திரிபவை, ஓரிடத்தில் குந்தியிருப்பவை என்று எரன்ரியா, செடன்ரேரியா என இரண்டாகப் பிரித்துவந்தார்கள். வாழும் முறையை வைத்துப் பிரித்தது, உறவை வைத்து அல்ல என்று 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அதைக் கைவிட்டார்கள். 1997இல் ரவுசும் போசால்டும் உடலமைப்புக் கூறுகளை ஆராய்ந்து வேறொரு பிரிப்பைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் மக்ஹியூ மரபுப் பொருளை ஆராய்ந்து, தனிக் கணங்களாக எண்ணப்பட்ட எக்கியூரா, பொகொனோபோரா என்ற கடற்புழுக் கூட்டங்கள் இரண்டும் அனெலிடாவுக்குள்ளேயே கிளைத்தவை என்று காட்டினார். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் வாயில்லாத பெருங்குழாய்ப் புழுக்கள் அடங்கிய பொகொனோபோரா, ஒரு கணமாக இருந்து சிபோகிளினிடே என்ற ஒரு குடும்பமாகச் சுருங்கிவிட்டது. 2011இல் ஸ்ட்ரக் குழுவினர் மரபணுக்களைப் பெருமளவில் ஒப்பிட்டபோது எரன்ரியாவும் செடன்ரேரியாவும் திரும்பி வந்தன, இம்முறை உண்மையான உறவுக் கிளைகளாக. மண்புழுவும் அட்டையும் அந்தச் செடன்ரேரியாவுக்கு உள்ளே போய் உட்கார்ந்தன.

அதாவது பொலிக்கீற்றா என்பது பொய்யான குழு அல்ல, முழுமையற்ற குழு. ஒரு மூதாதையின் வழிவந்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொண்டு, மண்புழு, அட்டை போன்ற சிலவற்றை வெளியே தள்ளி வைத்த குழு. உறவு மரத்தைச் சரியாக எழுத வேண்டும் என்பவர்கள் அதை வகுப்பாக ஏற்பதில்லை. ஆனால் கடல் உயிரினப் பெயர்களின் உலகப் பதிவேடு வசதிக்காக இன்னும் பொலிக்கீற்றா என்ற வகுப்பின் கீழ்தான் 11,000க்கு மேற்பட்ட இனங்களை அடுக்கி வைத்திருக்கிறது. உங்கள் மாணவர் சொல்வதும் சரி, போத்தலில் உள்ளதும் பயன்படும். பரீட்சையில் பாடத்திட்டம் கேட்பதை எழுதட்டும், வகுப்பில் மரத்தை வரைந்து காட்டுங்கள்.

அந்த மரத்தில் நம் தீப்புழு எங்கே இருக்கிறது தெரியுமா? ஓடித்திரிவதைப் பார்த்தால் எரன்ரியா என்று தோன்றும். அங்கும் இல்லை, செடன்ரேரியாவிலும் இல்லை. இரண்டும் பிரிவதற்கு முன்பே கிளைத்த தனிக் கொப்பு, பக்கத்தில் சைபங்குலா என்ற கடற்புழுக் கூட்டம். முள்ளே இல்லாத, துண்டமே இல்லாத சைபங்குலாவும் முள்ளால் மூடிய இந்தப் புழுவும் உறவுக்காரர் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனி ஆய்வுகூட வேலை. குடும்பம் வரை மாணவர்களே கொண்டுபோகலாம், அதற்குக் கைவில்லையும் சாதாரண நுணுக்குக்காட்டியும் போதும். முதுகில் செதில்கள் மூடியிருந்தால் பொலினொயிடே. தொண்டையை வெளியே தள்ளும்போது முனையில் நான்கு கறுப்புத் தாடைகள் தெரிந்தால் கிளைசெரிடே. சிப்பித் துண்டுகளை ஒட்டிய குழாய் மணலில் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஒனூபிடே. குழாய் சுண்ணாம்பென்றால் செர்புலிடே, சேறும் சளியுமாக மென்மையென்றால் சபெல்லிடே. கண்டல் வேருக்கடியில் ஓடுபவற்றில் நெரெயிடிடே நிறையக் கிடைக்கும்.

நெரெயிடிடேயில் கொஞ்சம் நின்று பாருங்கள், நிற்கத் தகுந்த இடம். தொண்டை வெளியே வந்த நிலையில் செத்த புழுவை எடுங்கள். முனையில் அரிவாள் வடிவில் ஒரு சோடித் தாடை. அதற்குப் பின்னே தொண்டைச் சுவரில் மண்ணிறப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஊசியால் தடவினால் சொரசொரக்கும், அவை நுண்பற்கள். அந்தச் சுவரை ஒன்று முதல் எட்டு வரை வட்டாரங்களாகப் பிரித்து எண் கொடுத்த முறை கின்பேர்க்குடையது. ஆறாம் வட்டாரத்தில் பற்கள் கூம்பாக இல்லாமல் குறுக்குச் சட்டமாக இருந்தால் பெரிநெரெயிஸ். சீப்புப் போல் நுண்ணிய வரிசையாக இருந்தால் பிளற்றிநெரெயிஸ். கூம்புகள் மட்டும்தான் என்றால் நெரெயிஸா நெயாந்திஸா என்று முடிவுசெய்யப் பின்பகுதிப் பக்கப்பாதம் ஒன்றை வெட்டி, மேற்கிளையின் சிலிர்முட்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் இந்தப் புழுக்களின் கண்கள் பெருத்து, பக்கப்பாதங்கள் துடுப்பாகி, நிலவற்ற இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே நீந்தி வரும். 19ஆம் நூற்றாண்டில் அந்த உருவத்தைத் தனி விலங்கென்று எண்ணி ஹெட்டெரோநெரெயிஸ் என்று வேறு சாதிப் பெயரே வைத்திருந்தார்கள்.

புழுவை உயிரோடு போமலினுக்குள் போட்டால் சுருண்டு, முட்களை உதிர்த்துவிடும். அப்புறம் யாராலும் பெயர் சொல்ல முடியாது. ஏறத்தாழ ஏழு சதவீத மகனீசியம் குளோரைட்டுக் கரைசலைக் கடல்நீரோடு சரிபாதி கலந்து, புழு தளரும்வரை அதில் விடுங்கள். மரபுப் பொருளுக்காகப் பின்பகுதியில் சிறு துண்டை வெட்டி 95 சதவீத எதனோலில் தனியே போட்டு, மீதியைக் கடல்நீரில் கலந்த போமலினில் ஒருநாள் வைத்துக் கழுவி 70 சதவீத எதனோலுக்கு மாற்றுங்கள். நிறம் போய்விடும், எனவே உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துண்டுச்சீட்டை பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டியது உரிந்துவிடும், பேனா மை எதனோலில் கரைந்துவிடும். எழுத வேண்டியது: ‘யூரிதோ சி.எப். கொம்பிளனாட்டா, அம்பினோமிடே, உப்புவெளி, செத்த முருகைக்கல்லுக்கு அடியில்’, ஆழம், திகதி, எடுத்தவர், இனங்கண்டவர். நடுவில் உள்ள சி.எப். என்பது ‘ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்ற குறிப்பு. இந்த இனத்தோடு ஒத்திருக்கிறது, ஆனால் அதுவே என்று உறுதி செய்யவில்லை என்று அடுத்து வருபவருக்குச் சொல்கிறது. பழைய போத்தலின் சீட்டை எறிந்துவிடாதீர்கள், புதியதை அதன் பக்கத்தில் போடுங்கள். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பதும் பதிவுதான்.

முள் குத்தியதைப் பற்றி. தேய்க்கக் கூடாது, முட்கள் ஒடிந்து இன்னும் உள்ளே போகும். ஒட்டுநாடாவை மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தால் மேலே நிற்கும் முட்கள் வந்துவிடும். பிறகு கழுவிவிடலாம். எரிவும் சிவப்பும் கொஞ்ச நேரம் இருக்கும். வீக்கம் கூடினாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடுத்த தடவை கரைக்குப் போகும்போது ஆளுக்கொரு நீண்ட இடுக்கி கொடுத்துவிடுங்கள், புரட்டிய கல்லையும் முன்பு இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.